தீர விசாரிக்காத தீர்ப்பு



நிதிலன் சாமிநாதன் இயக்கிய 'மகாராஜா' 2024 ஜூன் 14 அன்று திரைக்கு வந்தது. விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம். தமிழில் வந்த பழிவாங்கும் கதைகளில் இவ்வளவு கச்சிதமாகக் கட்டப்பட்டவை குறைவு. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டு பேச வந்திருக்கிறேன். முடிச்சுகளை அவிழ்க்காமல் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காதில் கட்டுப் போட்ட மகாராஜா என்ற சலூன்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறார். வீட்டில் புகுந்து தன்னை அடித்துப் போட்டுவிட்டு லட்சுமியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்கிறார். லட்சுமி யார் என்று விசாரித்தால், அது ஒரு குப்பைத்தொட்டி. ஸ்டேஷனே சிரிக்கிறது, பிறகு எரிச்சலாகிறது, அறைகிறது. அவரோ கேட்கிற ஒவ்வொருவரிடமும் அதே கதையை அதே சொற்களில், அதே ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கிறார். முதல் தடவை நாமும் சிரிக்கிறோம். மூன்றாவது தடவை ஒரு சங்கடம் வருகிறது. மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் போல இவர் ஏன் பேசுகிறார்? முகத்தில் அசைவே இல்லை. தோள்கள் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கின்றன. விஜய் சேதுபதியின் நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அடிதடிக் காட்சிகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

புகார் பொய் என்பது போகப் போகத் தெரிகிறது. அவருடைய மகள் ஜோதிக்குப் பெருங்கொடுமை நடந்திருக்கிறது. செய்தவர்களை ஒவ்வொருவராகத் தேடித்தான் இந்த மனிதர் ஸ்டேஷன் வாசலில் கிடக்கிறார்.

இன்னொரு பக்கம் செல்வம். வீடு புகுந்து கொள்ளையடித்து, வெறியாட்டம் ஆடுகிறவன். தன் வீட்டிலோ குழந்தையைக் கொஞ்சுகிற அப்பா. அனுராக் காஷ்யப் நடித்திருக்கிறார். இரண்டு கதைகளும் ஒரே காலத்தில் நடப்பது போலப் படத்தொகுப்பாளர் பிலோமின் ராஜ் அடுக்கியிருக்கிறார். உண்மையில் இடையில் வருடக்கணக்கான இடைவெளி. அது தெரியும் நிமிடத்தில், அதுவரை நாம் புரிந்துவைத்திருந்தது அத்தனையும் சரிந்துவிடுகிறது.

அந்தச் சரிவில்தான் படத்தின் பெரிய விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாராட்டியவர்கள் பலரும் கடைசித் திருப்பத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய ஒரு சின்ன விஷயம். ஜோதிக்குக் கொடுமை செய்த கூட்டத்தில் ஒருவனாகச் செல்வம் ஏன் மகாராஜாவின் வீட்டைத் தேடி வந்தான்? பல வருடங்களுக்கு முன் செல்வம் சலூனில் மறந்துவிட்டுப் போன நகையைத் திருப்பிக் கொடுக்க மகாராஜா அவன் வீட்டு வாசலுக்குப் போகிறார். சரியாக அந்த நேரத்தில் போலீஸ் செல்வத்தைப் பிடிக்கிறது. வாசலில் நிற்கும் சலூன்காரரைச் செல்வம் பார்க்கிறான். இவன்தான் காட்டிக்கொடுத்தவன் என்று முடிவு கட்டுகிறான். அவ்வளவுதான் அவன் கண்ட சாட்சி. சிறையில் அத்தனை வருடமும் அந்த ஒரு காட்சியை வைத்துத் தீர்ப்பெழுதி, வெளியே வந்து நிறைவேற்றுகிறான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். செல்வம் கண்ணால் கண்டான். அவனுக்குக் கடுகளவும் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால் கதையே இல்லை. ஆக, இந்தப் படத்தில் பழிவாங்குகிறவர்கள் இருவர். ஒருவருடைய கணக்கு சரி, இன்னொருவனுடையது தப்பு. ஆனால் இருவர் மனதிலும் இருந்த உறுதி ஒரே அளவு. யார் கணக்கு சரி என்பது நமக்கு மட்டும் எப்படித் தெரியும்? இயக்குநர் நமக்குக் காட்டிவிட்டார், அதனால் தெரியும். தியேட்டருக்கு வெளியே எந்த இயக்குநரும் நமக்கு அப்படிக் காட்டித்தருவதில்லை.

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, ஓர் இளம்பெண்ணை வல்லுறவு செய்து கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸார் மீது பூத்தூவினார்கள். தமிழ்நாட்டிலும் எத்தனை பேர் மகிழ்ந்தார்கள் என்று நமக்குத் தெரியும். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளியானது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற கதை நம்பத்தக்கதாக இல்லை, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்றது அறிக்கை. இறந்த நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அவர்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சொல்ல வழியில்லை. அந்தப் பெண்ணின் பெற்றோருக்கு அது நியாயம் செய்ததாக நான் நினைக்கவில்லை.

நம் பக்கத்துக்கே வருவோம். திருநெல்வேலியைக் களமாக வைத்து 2003-ல் 'சாமி' எடுத்தவர் ஹரி. சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குத் தீர்க்கும் போலீஸ்காரருக்கு இந்த மாவட்டங்களில் விழுந்த விசில் சத்தம் இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வதைபட்டு இறந்தபோது, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று ஹரியே அறிக்கை விட்டார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

'மகாராஜா'வில் என்னை உறுத்துவதும் இதே இடம்தான். நட்டி நடித்திருக்கும் இன்ஸ்பெக்டருக்கு விஷயம் தெரிந்ததும், குற்றவாளியைத் தகப்பனின் கையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. முதல் காட்சியில் அறைந்து அவமானப்படுத்திய அதே ஸ்டேஷன், எந்த வழக்கும் பதியாமல், ஒரு கொலைக்கு வழிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது, குழந்தை இருக்கும் இடத்துக்கே கூடுமானவரை ஒரு பெண் அதிகாரி சீருடை இல்லாமல் போய் வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நடைமுறை பல இடங்களில் அப்படி இல்லை என்பது உண்மை. படம் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்து, அது திறக்கவில்லை என்று காட்டியிருந்தால் தகப்பனின் முடிவுக்கு இன்னும் கனம் கூடியிருக்கும்.

இன்னொன்று ஜோதி. கெடுத்தவனை நேரில் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டு வந்து, நிமிர்ந்து நின்று பேசுகிறாள். தமிழ் சினிமாவில் இப்படிக் கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு இதுவரை பெரும்பாலும் சாவோ கல்யாணமோதான் எழுதப்பட்டது. இந்த மாற்றத்தை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மகாராஜா மகளாக வளர்த்த அவள் செல்வத்தின் சொந்த மகள் என்று தெரியவரும் இடத்தில், அவள் பட்ட வேதனை முழுவதும் செல்வத்துக்கான தண்டனையாக மாறிவிடுகிறது. அவன் பாவத்துக்கு அவள் உடல் ஏன் விலையாக வேண்டும்? திருப்பத்தின் அதிர்ச்சியில் இந்தக் கேள்வி அமுங்கிப்போகிறது.

செங்கோட்டையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது வாஞ்சிநாதனை ஒதுக்கிவிட முடியாது. ஊர் நடுவில் சிலையாக நிற்கிறார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், ரயில் பெட்டிக்குள் மனைவியோடு இருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டார். சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்கு இருந்த பங்கு அந்தக் கோபத்தின் பின்னால் இருந்தது. அந்நிய ஆட்சியில் முறையிடப் போக வேறு வாசல் இல்லை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். சினிமா நாயகர்களைப் போல அவர் வீடு திரும்பவும் இல்லை. அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். தோழர்களில் இருவர் தற்கொலை செய்துகொண்டார்கள், நீலகண்ட பிரம்மச்சாரி சிறைக்குப் போனார், இளம் மனைவி பொன்னம்மாள் கைம்பெண்ணானார். அதே சமயம், அவர் சட்டைப் பையிலிருந்த கடிதத்தில் விடுதலை வேட்கையோடு சாதி இழிவுச் சொல்லும் சேர்ந்தே இருந்தது. எங்கள் ஊர்க்காரர் என்பதற்காக அதை மறைக்கக் கூடாது. தனியொருவர் தீர்ப்பெழுதும்போது அவருடைய நியாயத்தோடு அவருடைய வெறுப்புகளும் சேர்ந்தே எழுதப்படுகின்றன. உடன் உட்கார்ந்து மறுத்துப் பேச அங்கே ஆள் இல்லை.

மறுத்துப் பேச ஆள் இருக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த் துறையும் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். எதிரில் நின்றது அரசாங்கமே. அவர்களுக்கு ஒரு மகாராஜா வரவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தின் துணையோடு வழக்குப் போட்டார்கள், கூண்டில் ஏறினார்கள், குறுக்கு விசாரணையைத் தாங்கினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டிலும் 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருடத் தாமதம் கொடுமைதான், அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் அந்தத் தீர்ப்பில் செல்வத்தைப் போல வாசலில் நின்றவனைப் பார்த்து முடிவுகட்டிய வரி ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்கள் சொன்னது ஒவ்வொன்றும் கேட்கப்பட்டது, சோதிக்கப்பட்டது, பிறகு உண்மை என்று எழுதப்பட்டது.

'மகாராஜா'வை மறுபடி பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், நகையோடு அவர் செல்வத்தின் வீட்டு வாசலுக்கு வரும் அந்தச் சில நொடிகளைக் கவனித்துப் பாருங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்து, அந்த இடத்தில் நிறுத்திப் பேசுங்கள்.