திருவையாற்றில் இன்னொரு சமாதி
(ஸ்ரீராம்புரம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பௌதிகம் படித்து, சர்க்கார் ஃபைல்களோடு முப்பத்தைந்து வருஷம் காலம் தள்ளியவன் நான். சங்கீதம் பற்றிப் பேச யோக்யதை குறைவு. தவறிருந்தால் க்ஷமிக்கவும்.

அமெரிக்காவில் மரியன் ஆண்டர்சன் என்று ஒரு மகா பாடகி. கறுப்பினத்தவர் என்பதற்காக 1939-ல் வாஷிங்டனில் ஒரு பெரிய அரங்கத்தை அவருக்குத் தர மறுத்தார்கள். லிங்கன் நினைவு மண்டபத்துப் படிகளில் நின்று பாடினார். சுமார் 75,000 பேர் கேட்டார்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபெரா மேடையில் அவர் ஏறுவதற்கு 1955 ஆயிற்று. 'என்ன அக்கிரமம்!' என்கிறோம். நம் கதை என்ன?

நம் ஊர்ப் பெயரையே தாங்கியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-ல் நஞ்சன்கூட்டில் தேவதாசி குலத்தில் பிறந்தவர். ஸம்ஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் கற்ற விதுஷி. முத்துப்பழனி என்ற கவியரசியின் 'ராதிகா ஸாந்த்வனமு' நூலை 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று வெள்ளைக்கார சர்க்கார் தடை போட்டது. தடை நீங்கியது 1947-ல்தான்.

திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதி சிதிலமாகக் கிடப்பதை அறிந்து, தம் சம்பாத்தியத்தைக் கொட்டிக் கோயில் எழுப்பி, 1925-ல் கும்பாபிஷேகம் செய்வித்தார். ஆனால் ஆராதனையில் பாட அவருக்கே இடமில்லை. பெண் என்பது ஒரு காரணம், பிறந்த குலம் இன்னொன்று. தடுத்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, நம் பெரியவர்கள்தான். அம்மாள் சோர்ந்துவிடவில்லை, பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில்தான் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின.

என் அத்தைக்கு அருமையான சாரீரம். வாசலில் ஆண்களின் செருப்புச் சத்தம் கேட்டால் பாதிப் பல்லவியில் நிறுத்திவிடுவாள். யாரும் அவளை அடக்கியதாக ஞாபகமில்லை. அடக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த மௌனம் எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் காதில் விழுகிறது.

அம்மாள் தம் சொத்தை ஸ்வாமிகளுக்கே எழுதி வைத்துவிட்டு 1952-ல் காலமானார். அவர் சமாதியும் ஸ்வாமிகள் சன்னிதியை நோக்கியே இருக்கிறது. திருவையாறு போகிறவர்கள் அங்கேயும் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். நம் சங்கத்து ஆராதனையில் பஞ்சரத்னம் தொடங்குமுன் அவர் பெயரை ஒரு தரம் சொல்ல வேண்டும் என்று கமிட்டியைப் பிரார்த்திக்கிறேன். பட்ட கடனில் அது வட்டிக்கும் காணாது, ஆனாலும் தொடங்கலாமே.