கூண்டுக்குள் பறவை

ஒரு வட்ட அட்டை. ஒரு பக்கம் பறவை, மறு பக்கம் வெறும் கூண்டு. இருபுறமும் நூல் கட்டி முறுக்கி இழுத்தால் அட்டை விர்ரென்று சுழலும். பறவை கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும்!

1825-இல் லண்டனில் இது விற்பனைக்கு வந்தது. பிரபலப்படுத்தியவர் ஜான் அயர்ட்டன் பாரிஸ் என்ற மருத்துவர். ஒரு காட்சி மறைந்த பிறகும் அதன் பதிவு நமக்குள் கணநேரம் நீடிக்கிறது. அதற்குள் அடுத்த படம் வந்துவிடுவதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

அஞ்சலட்டை போன்ற கெட்டித் தாளே போதும். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டி, இடது வலது ஓரங்களில் துளையிட்டு நூல் கோத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பின்பக்கப் படத்தைத் தலைகீழாக வரைய வேண்டும். நேராக வரைந்தால் பறவை தலைகீழாகத் தொங்கும். தடித்த கோடுகளாக வரைவது நல்லது. மெல்லிய கோடு சுழற்சியில் மங்கிவிடும்.

1832-இல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ இன்னொரு படி போனார். வட்டத் தட்டில் ஒரே அசைவின் பல நிலைகளை வரைந்து, இடையிடையே பிளவு வெட்டி, அதைச் சுழற்றியபடி கண்ணாடியில் பார்த்தார். படம் நடனமாடியது! கண்ணுக்கு இத்தனை விருந்து வைத்த அந்த அறிஞர் பின்னாளில் பார்வையை இழந்தார் என்பது மனத்தைப் பிசைகிறது.

படம் வரையத் தயங்கும் குழந்தையா? நூல் கட்டிய அட்டையில் பெயரின் எழுத்துகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பக்கமும் எழுதச் சொல்லுங்கள். சுழற்றினால் முழுப் பெயரும் தெரியும்.