கணினி அறையின் இரைச்சல்

(கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)

ஆய்வகப் பராமரிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் ஒரே ஒரு சிறு பொருளைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். கணினிப் பெட்டிக்குள், பிராசசரின் மேல் அமர்ந்திருக்கும் ஹீட்சிங்க், அதன் விசிறி.

எங்கள் பள்ளியில் முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த பத்துக் கணினிகள் உள்ளன. உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் செவித்துணைக் கருவி அணிந்த மாணவி ஒருத்தி. வகுப்பறையில் கை தூக்கிப் பதில் சொல்பவள், கணினி அறையில் வாயே திறக்க மாட்டாள். ஆர்வமில்லை போலும் என்று ஒரு பருவம் முழுக்க நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டபோது, "இந்த ரூமுக்கு வந்தா காது மெஷினை ஆஃப் பண்ணிடுவேன் சார், ஒரே இரைச்சல்" என்றாள். அந்தக் கருவி என் குரலை மட்டும் பெரிதாக்குவதில்லை. விசிறிகளின் ஓசையையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை.

பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணி ஒலி 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஒரு கணினி 30 டெசிபல் என்றால், அதே தொலைவில் பத்துக் கணினிகள் 300 ஆகாது, 40 ஆகும். ஒலித்திறன் பத்து மடங்கானால் கூடுவது 10 டெசிபல்தான். ஆனால் காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு உரக்கக் கேட்கும். இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: பத்தில் ஐந்தை அணைத்தாலும் குறைவது 3 டெசிபல்தான். ஆகவே, ஒவ்வொரு பெட்டியையும்தான் அமைதியாக்க வேண்டும்.

முதலில் எதுவும் வாங்காதீர்கள், தூசியைத் தட்டுங்கள். பிராசசரின் வெப்பம் பசை வழியாக உலோகத்துக்கும், அங்கிருந்து மெல்லிய தகடுகளுக்கும், பிறகு காற்றுக்கும் போகிறது. தகடுகளுக்கிடையே தூசி கம்பளிபோல் அடைத்தால் வெப்பம் ஏறும். மதர்போர்டு விசிறியை முடுக்கும். நாம் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் இதுதான். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் அது தாறுமாறாகச் சுழன்று பழுதாகலாம். காய்ந்த பசையை வழித்துவிட்டு, பயறு அளவு புதுப்பசை வையுங்கள். எங்கள் பத்தில் ஏழு கணினிகள் இதிலேயே அடங்கிவிட்டன. பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள கணினிகளை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம்.

மீதி மூன்றில் விசிறியின் பேரிங் தேய்ந்து கடகடத்தது. அவற்றுக்குப் புதிது வாங்க வேண்டியதாயிற்று. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிட முடியாது. எவ்வளவு தொலைவில், எந்த வேகத்தில் அளந்தார்கள் என்பது மாறும். நம்பத்தக்கது இயற்பியல். விசிறியின் வேகம் பாதியானால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் குறையும்; காற்றும் பாதியாகும். 120 மி.மீ. விசிறியின் பரப்பு 80 மி.மீ. விசிறியைவிட 2.25 மடங்கு. அதனால் அது மெதுவாகச் சுழன்றே போதுமான காற்றைத் தள்ளும்.

இதை நம்பி, 120 மி.மீ. விசிறியுள்ள கோபுர வகை ஒன்றை வாங்கினேன். பெட்டியின் பக்கவாட்டு மூடி மூடவில்லை! உயரத்தை அளக்கவே இல்லை நான். ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் என்எச்-யு12எஸ் 158 மி.மீ. உயரம், அதே நிறுவனத்தின் என்எச்-எல்9ஐ 37 மி.மீ. தான். அவற்றின் விலை நமக்குச் சரிவராது, வேறுபாடு தெரியவே சொல்கிறேன். திருப்பி அனுப்பிய செலவு என் பையிலிருந்து போனது. அடுத்து, உயரம் குறைந்த, 92 மி.மீ. விசிறியுள்ள நான்கு கம்பி வகையை வாங்கினோம். நான்காவது கம்பி வழியாகத்தான் மதர்போர்டு வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

சோதனையை மாணவர்களே செய்தார்கள். ஒரே கணினி, மூடி மூடிய நிலை, ஒரே வேலை, அரை மணி நேரம். பழையதில் பிராசசர் 78 டிகிரி, அறை 33. புதியதில் 71, அறை 34. அறை வெப்பநிலையைக் கழித்தால் 45-க்கு 37. இந்தக் கழித்தலை விடாதீர்கள். 22 டிகிரி அறையில் 65 காட்டும் ஹீட்சிங்க், நம் ஊர் மே மாதத்து 38 டிகிரியில் 81-ஐ எட்டும். ஒலியைக் கைப்பேசிச் செயலியில், அரை மீட்டர் தொலைவில், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்தோம். பழையது 46, புதியது 37. கைப்பேசி காட்டும் எண் சரியானது என்று சொல்ல மாட்டேன். ஒரே கைப்பேசியில் அளந்த வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணில் வராத ஒன்றை அந்த மாணவிதான் கண்டுபிடித்தாள். புதிய மூன்றில் ஒன்று, "கொசு மாதிரி கத்துது சார்" என்றாள். எங்களுக்குக் கேட்கவில்லை. காதைப் பக்கத்தில் கொண்டுபோனபோது, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மெல்லிய கீச்சொலி. பயாஸில் விசிறியின் உச்ச வேகத்தைச் சற்றுக் குறைத்ததும் நின்றது. வெப்பம் இரண்டு டிகிரி கூடியது; பரவாயில்லை.

இப்போது அவள் கருவியை அணைப்பதில்லை. அறையில் மிச்சமிருக்கும் பெரிய ஓசை கூரை மின்விசிறிதான். மே மாதத்தில் அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை, எனக்கும்தான். தூசி அடைத்த பழைய ஹீட்சிங்க் ஒன்றையும் துடைத்த ஒன்றையும் கொண்டு வந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் மேசைக்கு வந்து பாருங்கள். பசை தடவிப் பார்க்க விரும்புவோருக்குக் கையுறையும் இருக்கிறது.