மெல்லிய தகட்டைப் பற்ற வைக்கக் கைவசம் உள்ள கம்பி

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



அறுவடை நேரத்தில் கதிரடிக்கும் இயந்திரத்தின் தகடு கிழிந்துவிட்டால் என்ன பாடு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. களத்தில் நெல் குவிந்து கிடக்கும். வானத்தில் மேகம் திரண்டு நிற்கும். பட்டறைக்கு ஓடினால், "மெல்லிய தகட்டுக்கான பில்லர் கம்பி தீர்ந்துவிட்டது, டவுனிலிருந்துதான் வர வேண்டும்" என்பார்கள். அவசரத்தில் கையில் கிடைத்த கம்பியை உருக்கி ஒட்டிவிடுகிறோம். அந்தக் கம்பி எது என்பதைப் பொறுத்தே பற்று நிற்கும் அல்லது விட்டுப்போகும்.

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், தூற்றும் இயந்திரத்தின் வாய்த் தகட்டைச் சைக்கிள் போக்ஸ் கம்பியால் பற்ற வைத்தார். பார்வைக்குப் பற்று நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள், இயந்திரத்தின் அதிர்ச்சியில் பற்றின் ஓரமாகக் கீறல் விட்டு நீளமாகத் திறந்துகொண்டது. கடைசியில் முழுத் தகட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. செலவும் போயிற்று, நான்கு நாள் வேலையும் போயிற்று.

காரணம் என்ன? நம் இயந்திரத் தகடுகள் பெரும்பாலும் எம்.எஸ். என்று சொல்லும் மென் எஃகு. போக்ஸ் கம்பியிலும், குடைக் கம்பியிலும், சுருள்வில் கம்பியிலும் கரிமம் அதிகம். அது உருகிச் சட்டென்று ஆறும்போது கண்ணாடி போல் இறுகி, அதிர்ச்சி தாங்காமல் வெடிக்கிறது. ஆகவே முதல் விதி: தகடு எந்த உலோகமோ, கம்பியும் அதே உலோகமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது விதி கனத்தைப் பற்றியது. 20 கேஜ் தகட்டின் கனம் சுமார் 0.9 மி.மீ. இதற்கு 3 மி.மீ. கம்பியைக் காட்டினால், கம்பி உருகுவதற்குள் தகடு உருகி ஓட்டை விழுந்துவிடும். தகட்டின் கனமும் கம்பியின் கனமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே நல்லது.

எதைப் பயன்படுத்தலாம்?

1. அதே தகட்டின் துண்டு. மிஞ்சிய துண்டிலிருந்து 2 மி.மீ. அகலத்தில் நீளமான கீற்றுகளாகக் கத்தரியால் வெட்டிக்கொள்ளுங்கள். உலோகமும் கனமும் ஒன்றே. செலவும் இல்லை.

2. கட்டுக்கம்பி. கட்டட வேலையில் முறுக்குக் கம்பிகளைக் கட்டும் கறுப்புக் கம்பி மென் எஃகுதான். 18 அல்லது 20 கேஜ் கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, துருவும் எண்ணெயும் போக்கிய பின் பயன்படுத்தலாம். ஒற்றைக் கம்பி போதாவிட்டால் இரண்டை முறுக்கிக்கொள்ளலாம்.

3. கம்பியே இல்லாத வழி. இரு தகடுகளின் ஓரத்தையும் 1 முதல் 2 மி.மீ. உயரத்துக்கு மேல்நோக்கி மடித்து, சேர்த்து வைத்து உருக்கினால், மடித்த ஓரமே உருகிப் பற்றாகிவிடும்.

இவை மூன்றும் கேஸ் வெல்டிங்குக்கு மட்டுமே. கரண்டு வெல்டிங்கில் பூச்சு இல்லாத வெறுங்கம்பி பயன்படாது.

கம்பியைச் சோதிப்பது எப்படி?

சந்தேகமான கம்பியின் நுனியைச் சிவக்கக் காய்ச்சி உடனே தண்ணீரில் அமிழ்த்துங்கள். ஆறியபின் வளைத்துப் பாருங்கள். வளைந்தால் பயன்படும். பட்டென்று ஒடிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

எது கூடவே கூடாது?

வெள்ளையாக மின்னும் வேலிக் கம்பி, ஜி.ஐ. கம்பி ஆகியவற்றின் மேல் துத்தநாகப் பூச்சு உண்டு. சுடர் பட்டதும் வெண்புகை எழும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலும் உடல்வலியும் வரும். தகடே ஜி.ஐ. ஆக இருந்தால், பற்ற வைக்கும் இடத்தில் இருபுறமும் பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் வேலை செய்யச் சொல்லுங்கள்.

பற்ற வைக்கும்போது

சிறிய முனையைப் பொருத்தி, நடுநிலைச் சுடர் வைக்க வேண்டும். முதலில் 3, 4 செ.மீ. இடைவெளியில் அங்கங்கே புள்ளிப் பற்று வைத்துவிட்டால் தகடு நெளியாது. பிறகு புள்ளிகளுக்கு இடையே சிறுசிறு நீளமாகப் பற்ற வைக்க வேண்டும். தகட்டின் ஓரங்கள் உருகிக் குளம் போல் ஆனபின் கம்பியின் நுனியை அதில் தொட வேண்டும். கம்பியை மட்டும் உருக்கிச் சொட்டவிட்டால் ஒட்டாது. தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆற விடுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பெட்ரோல், டீசல், பூச்சிமருந்து இருந்த டின்னையோ பீப்பாயையோ, காலியாக இருந்தாலும் நெருப்பிடம் கொண்டு போகாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். மருந்துப் புகை நஞ்சு. கைக்கம்பியால் வைத்த பற்று தகட்டு வேலைக்குத்தான். அழுத்தம் தாங்கும் உருளைக்கும், டிராக்டரின் இழுவைக் கொக்கிக்கும் அது உதவாது.

தகடு மாற்றும்போது மிஞ்சும் துண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், கீற்றாக வெட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது எண்ணெயைத் துடைத்துவிட்டால் போதும். அடுத்த அறுவடையில் பட்டறைக்குப் போகும்போது கம்பி உங்கள் கையிலேயே இருக்கும்.