காலி நாற்காலிகளை எண்ணிய தாய்மார்கள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுத் தொடங்குவது வழக்கம். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அவரோடு பழகியவர்கள். மீதிப் பேர் அவரைப் படித்தவர்கள். அதனால் நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்கான பெயரை அமெரிக்காவின் பிளாக் பேந்தர் கட்சியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கறுப்பர்களின் கவிதையும் தன்வரலாறும் நமக்குப் பழக்கமானவை. ஆனால் அங்கே பெற்றோர்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று போட்ட சண்டை நம் மேடைகளுக்கு அதிகம் வந்ததில்லை. கவிதை பயணப்பட்ட அளவுக்கு மனுக்கள் பயணப்படுவதில்லை போலும். சிகாகோ நகரில் நடந்த இரண்டு சண்டைகளைச் சொல்கிறேன். ஒன்று 1963இல் கறுப்பர்கள் நடத்தியது. இன்னொன்று 2001இல் மெக்சிகோ வழி வந்தவர்கள் நடத்தியது. இரண்டும் ஒரே பதிலை எதிர்த்து எழுந்தவை: "பள்ளியில் இடமில்லை."

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் தென் மாநிலங்களிலிருந்து பெருந்திரளான கறுப்பர்கள் சிகாகோவுக்கு வந்தார்கள். பருத்திக் காட்டையும் அங்கிருந்த நிறவெறிச் சட்டத்தையும் விட்டு ஓடி வந்தவர்கள். வந்த நகரத்தில் எழுதப்பட்ட சட்டம் இல்லை. வீட்டுப் பத்திரம் இருந்தது. இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்கமாட்டோம், வாடகைக்கும் விடமாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். அப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்த பிறகும் தெருக்கள் திறக்கவில்லை. மக்கள் ஒரே பட்டைக்குள் அடைபட்டார்கள். குடியிருக்கும் பகுதியை வைத்துத்தான் பள்ளி என்பதால் பிள்ளைகளும் அதே பட்டைக்குள் அடைபட்டார்கள்.

கறுப்பர் பகுதிப் பள்ளிகள் பல ஷிப்ட் முறைக்குப் போயின. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். ஒரு பிள்ளைக்கு அரை நாள் படிப்பு. சற்றுத் தள்ளி இருந்த வெள்ளையர் பள்ளிகளிலோ வகுப்பறைகள் காலியாகக் கிடந்தன. பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள் என்று பெற்றோர்கள் கேட்டார்கள். நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் பெஞ்சமின் வில்லிஸ் சம்மதிக்கவில்லை. அந்தந்தப் பகுதிப் பிள்ளை அந்தந்தப் பகுதிப் பள்ளியில் என்பதே கொள்கை என்றார். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பகுதி என்பது யார் போட்ட கோடு? அதை அவர் பேசவில்லை. நெரிசல் மேலும் கூடியபோது பள்ளி மைதானங்களிலும் காலி மனைகளிலும் டிரெய்லர் வகுப்பறைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். பிள்ளைகள் நகரக் கூடாது, வகுப்பறை வேண்டுமானால் நகரலாம் என்பது இதன் பொருள். அந்தத் தகரப் பெட்டிகளுக்கு 'வில்லிஸ் வண்டிகள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெயர் வைத்தவர் என்று ரோஸி சிம்ப்சன் என்ற தாயைச் சொல்கிறார்கள். இலக்கிய மன்றத்தில் நின்று இதைச் சொல்லாமல் போக முடியாது: ஒரு பெரிய அதிகாரியின் பெயரைத் தகரத்தில் ஒட்டிவைத்த அந்த இரண்டு சொற்கள், எத்தனையோ அறிக்கைகள் செய்யாத வேலையைச் செய்தன.

காலி இடம் எவ்வளவு என்ற கணக்கில்தான் சண்டையே இருந்தது. நிர்வாகத்தின் கணக்கைத் தாய்மார்கள் நம்பவில்லை. 1962இல் உட்லான் பகுதிப் பெண்கள் 'உண்மைப் படை' என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டு வெள்ளையர் பள்ளிகளுக்குள்ளேயே போனார்கள். வகுப்பறை வகுப்பறையாகப் பார்த்துக் காலி நாற்காலிகளை எண்ணிக் குறித்தார்கள். அத்துமீறி நுழைந்ததாக அவர்களில் சிலரைக் கைது செய்தார்கள். பிள்ளைகள் வரி கட்டுவோர் பணத்தில் நடக்கும் பள்ளியில் படிக்கிறார்கள். அதே பணத்தில் நடக்கும் இன்னொரு பள்ளியில் நாற்காலியை எண்ணினால் குற்றம். கோயிலுக்குள் நுழைந்ததற்கும் குளத்தில் இறங்கியதற்கும் அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1963 அக்டோபர் 22 அன்று பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வரவில்லை. அந்த ஒரு நாள் தேவாலயங்களிலும் சமூகக் கூடங்களிலும் 'விடுதலைப் பள்ளிகள்' நடந்தன. ஆயிரக்கணக்கானோர் நகர மையத்துக்கு ஊர்வலம் போனார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மறுபடியும் ஒரு புறக்கணிப்பு. அதே 1964இல், கல்வி வாரியமே அமைத்த, சமூகவியலாளர் பிலிப் ஹவுசர் தலைமையிலான குழுவும் பள்ளிகள் நிறத்தால் பிரிந்து கிடப்பதை ஒப்புக்கொண்டு அறிக்கை தந்தது.

பிறகு என்ன ஆயிற்று? வில்லிஸ் 1966 வரை பதவியில் இருந்தார். இரண்டு லட்சம் பிள்ளைகள் வெளியே நின்றும் கோடு அழியவில்லை. இந்தப் போராட்டத்தை வெற்றிக் கதையாக எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒன்றை அந்தத் தாய்மார்கள் உடைத்தார்கள். நெரிசல் என்பது மழை போல வெள்ளம் போலத் தானாக வருவது என்ற பேச்சு அதற்குப் பிறகு அந்த நகரத்தில் எடுபடவில்லை.

இனி 2001. சிகாகோவின் மேற்குப் பக்கம் லிட்டில் வில்லேஜ் என்றொரு பகுதி. மெக்சிகோ வழித் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்தது. பிள்ளைகள் தொகை பெருகியிருந்தது. இருந்தது ஃபாரகட் என்ற ஒரே பொது உயர்நிலைப் பள்ளி, அதுவும் நிரம்பி வழிந்தது. மூன்று புதிய உயர்நிலைப் பள்ளிகள் கட்டப்படும், அதில் ஒன்று உங்களுக்கு என்று 1998இல் நிர்வாகம் வாக்குக் கொடுத்தது. மற்ற இரண்டும் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் பள்ளிகள். நகரின் வடபகுதியில் அவை எழுந்து நின்றன. லிட்டில் வில்லேஜில் மனை மட்டும் கிடந்தது. கேட்டால் பணம் இல்லை என்றார்கள்.

2001 மே 13, அங்கே அன்னையர் தினம். பூங்கொத்து கொடுக்கும் நாளில், அந்த வெற்று மனையில் கூடாரம் அடித்து 14 பேர் பட்டினி இருக்கத் தொடங்கினார்கள். தாய்மார்கள், பாட்டிமார்கள், சில இளைஞர்கள். கூடாரத்துக்கு விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் பெயரை வைத்தார்கள். 19 நாள். அந்த நாட்களில் அங்கே கூட்டம் நடந்தது, நாடகம் நடந்தது, பூசை நடந்தது. பட்டினி முடிந்தபோதும் உறுதிமொழி எதுவும் கையில் இல்லை. சில வாரங்களில் பள்ளி நிர்வாகத் தலைவர் பால் வாலஸ் பதவியை விட்டுப் போனார். அடுத்து வந்த ஆர்னி டங்கன் பள்ளி கட்ட ஒப்புக்கொண்டார். 2005இல் பள்ளி திறந்தது. ஒரே வளாகத்தில் நான்கு சிறிய பள்ளிகள். பெரிய பள்ளியில் பிள்ளைகள் முகமற்றுப் போகிறார்கள், சிறிய பள்ளிகளே வேண்டும் என்று கேட்டவர்கள் அந்தப் பகுதி மக்கள்தான். நான்கில் ஒன்றுக்குச் சமூக நீதி உயர்நிலைப் பள்ளி என்று பெயர்.

கதை இங்கே முடிந்தால் கைதட்டிவிட்டு எழுந்து போகலாம். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கடுத்த பகுதி.

லிட்டில் வில்லேஜுக்கு நகரத்தின் வரைபடத்தில் உள்ள பெயர் தெற்கு லான்டேல். அதற்கு வடக்கே உள்ளது வடக்கு லான்டேல், கறுப்பர்களின் பகுதி. 1966இல் மார்ட்டின் லூதர் கிங் வந்து குடியிருந்த இடம். 1960களில், அப்போது தெற்கில் வாழ்ந்த வெள்ளையர்கள், வடக்கில் கறுப்பர்கள் நிறைந்துவிட்டதால் 'லான்டேல்' என்ற பெயரே வேண்டாமென்று 'லிட்டில் வில்லேஜ்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஊர் வேறு, சேரி வேறு என்று பெயரிலேயே காட்டிக்கொள்ளும் அதே ஏற்பாடு. பிறகு வெள்ளையர்கள் போய்விட்டார்கள். மெக்சிகர்கள் வந்தார்கள். பெயர் அப்படியே நின்றது.

புதிய பள்ளிக்கு எல்லை வரையும் நேரம் வந்தபோது, பள்ளிகளில் நிறப்பிரிவினையைக் குறைக்க வேண்டும் என்ற பழைய நீதிமன்ற உடன்பாடு நகரத்தின் மேல் இருந்தது. அதன்படி வடக்கு லான்டேல் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது; மாணவர்களில் சுமார் 30 சதவீதம் கறுப்பர்கள் இருக்க வேண்டும் என்று குறித்தார்கள். லிட்டில் வில்லேஜில் முணுமுணுப்பு எழுந்தது. பட்டினி கிடந்தது நாங்கள், இடம் அவர்களுக்கா? வடக்கே வேறொரு அச்சம்: எங்கள் பிள்ளைகள் அந்தத் தெருவைத் தாண்டிப் பத்திரமாகப் போய் வர முடியுமா? இரண்டு கேள்வியும் பெற்றோர்களின் கேள்விதான். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் சமமாக அல்ல. முதல் கேள்வி, 1963இல் காலி நாற்காலியை மறைத்தவர்கள் பேசிய மொழியில் பேசுகிறது.

போராடிய அமைப்பாளர்களில் பலர் இதைப் புரிந்துகொண்டு இரண்டு பக்கப் பெற்றோர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க முயன்றார்கள். சிரமமான வேலை. பட்டினி கிடந்தவரைப் படம் எடுக்கப் பத்திரிகை வரும். எல்லை வரைபடத்தை மேசையில் விரித்து இரவெல்லாம் வாதாடுபவர்களைப் படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள். இங்கே ஆய்வு மாணவர்கள் இருக்கிறீர்கள். பட்டினிப் போராட்டம் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அந்த மேசையைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். யாராவது எடுத்துச் செய்யுங்கள். அந்தப் பெண்களில் பலர் இன்றைக்குப் பாட்டிகள். அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். பின் வரிசையில் நிற்கும் தோழர்கள் முன்னால் வாருங்கள், இங்கே சில நாற்காலிகள் காலியாக இருக்கின்றன.