தூக்குக் கயிறும் குடும்ப மானமும்

(கும்மிடிப்பூண்டிக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வாயால் சொல்லவும் காதால் கேட்கவும் கூசக்கூடிய விஷயமாகும். ஆனால், கூச்சப்பட்டுக்கொண்டு யாரும் பேசாமல் இருந்ததனாலேயே இந்த அக்கிரமம் இத்தனை காலம் வளர்ந்து வந்திருக்கின்றது என்று நாம் கருதுவதால், கூச்சத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசவேண்டியிருக்கின்றது. குழந்தைகள் மீது பாலியல் கொடுமை செய்கின்றவர்களுக்குக் கோர்ட்டுகள் எந்தவிதமான தண்டனை கொடுக்கவேண்டும் என்பதே கேள்வி.

2025ஆம் ஆண்டு ஜூலை 12ந் தேதி, இந்தத் தாலுகாவைச் சேர்ந்த ஆரம்பாக்கத்தில், பட்டப்பகலில், பள்ளிக்கூடம் விட்டு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்குழந்தை தூக்கிச் செல்லப்பட்டுக் கொடுமை செய்யப்பட்டது. காமிராவில் பதிவான படம் வீட்டுக்கு வீடு கைப்பேசியில் ஓடிற்று. சந்தேகிக்கப்பட்டவன் பிடிபட சுமார் இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் ஜனங்கள் வாயில் இரண்டு பேச்சுகள் கிளம்பிவிட்டன. ஒன்று, “இவர்களையெல்லாம் விசாரணையே இல்லாமல் தூக்கில் போடவேண்டும்” என்பது. மற்றொன்று, “வடக்கேயிருந்து வந்தவர்களால்தான் இவ்வளவும்” என்பது.

அந்தக் கோபத்தை நாம் குறை சொல்ல வரவில்லை. குழந்தைக்கு நடந்த கொடுமையைக் கேட்டு இரத்தம் கொதிக்காதவன் மனிதனே அல்ல. ஆனால், கோபத்தினால் சொல்லப்படுவதெல்லாம் நியாயமாகிவிடுமா, அதனால் குழந்தைகளுக்கு ஏதாவது காவல் ஏற்படுமா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

முதலில் இரண்டாவது பேச்சை எடுத்துக்கொள்ளுவோம். இந்தச் சிப்காட்டுத் தொழிற்சாலைகளிலும், மாவட்டத்திலுள்ள செங்கல் சூளைகளிலும் பீகார், ஒடிசா, அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உடம்பை விற்றுப் பிழைக்கின்றார்கள். அவர்களுக்கும் குழந்தைகள் உண்டு. அந்தக் குழந்தைகளுக்குப் பூட்டுள்ள கதவுகூட இல்லை. ஒருவன் செய்ததற்கு அவ்வளவு பேரையும் குற்றவாளியாக்குவதானால், நம் ஊரில் நம் ஜாதிக்காரன் ஒருவன் செய்ததற்கு நம்மையெல்லாம் ஜெயிலுக்கு அனுப்பவேண்டியதுதானே? சர்க்கார் வெளியிடும் குற்றக் கணக்கைப் பார்த்தால், இப்படிப்பட்ட வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் செய்தவன் அந்தக் குழந்தைக்கு முன்பே தெரிந்தவனாகவே இருக்கின்றான். அதாவது உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், வாத்தியார், சாமியார், சில இடங்களில் பெற்ற தகப்பனே. முன்வாசலில் அந்நியனுக்குக் காவல் நிற்கின்ற நாம், கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றோம்.

நிற்க. இனித் தூக்கு விஷயம். சட்டத்தில் தண்டனை போதவில்லை என்று பலர் நினைக்கின்றார்கள். உண்மை அதுவல்ல. 2012இல் போக்சோ சட்டம் வந்தது. 2019இல் அது திருத்தப்பட்டு, 16 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாலுறவுக் கொடுமைக்கு ஆளாக்கினால் குறைந்தது 20 வருஷம் ஜெயில் என்றும், 12 வயதுக்குட்பட்ட குழந்தையானால் 20 வருஷம் முதல் ஆயுள் முடியும் வரை ஜெயில் அல்லது தூக்கு என்றும் செய்யப்பட்டது. ஆகவே, ஆரம்பாக்கத்துக் குழந்தை அந்தப் பாதையில் நடந்து போன அன்று, சட்டப் புத்தகத்தில் தூக்குக் கயிறு ஆறு வருஷமாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அது அந்தக் குழந்தைக்குத் துணையாக வரவில்லையே, ஏன்?

கயிறு இருப்பது மாத்திரம் போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கின்றது. 2017 பிப்ரவரியில், சென்னையை அடுத்த முகலிவாக்கத்தில் 7 வயதுப் பெண்குழந்தை கொல்லப்பட்டது. செங்கல்பட்டு மகளிர் கோர்ட்டு 2018 பிப்ரவரியில் ஒருவனுக்குத் தூக்கு விதித்தது. ஊரெல்லாம் மகிழ்ந்தது. அதே வருஷம் ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவனை விடுதலை செய்துவிட்டது. ஏன்? எதிரிக்கு வக்கீல் வைத்துக் கொடுத்ததே சாட்சி விசாரணை தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான். குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே தூக்கும் விதிக்கப்பட்டது. காமிராப் பதிவு முறைப்படி ருசுப்படுத்தப்படவில்லை. மரபணுச் சாட்சியமும் நம்பத்தக்க விதத்தில் கொண்டுவரப்படவில்லை. அவன் நிரபராதியானால், எட்டு வருஷம் ஒரு நிரபராதி தூக்கு மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டான். குற்றவாளியானால், குற்றவாளி தப்பினான். எப்படியானாலும் அந்தக் குழந்தைக்கும் பெற்றவர்களுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. கோபத்தில் அவசரப்பட்டதன் பலன் இதுதான். ஆரம்பாக்கத்திலும் காமிராப் படத்தைத்தான் ஜனங்கள் பெரிதாகப் பேசினார்கள். படம் கைப்பேசியில் ஓடுவது வேறு, கோர்ட்டில் ருசுவாவது வேறு என்பதை நாம் தெரிந்துகொள்ளவேண்டும்.

நீதிபதிகள் விஷயத்தையும் சற்றுப் பார்ப்போம். 2015 ஜூன் மாதம், சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதி ஒருவர், வயது வராத பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக 7 வருஷம் தண்டனை பெற்ற ஒருவனுக்கு, அந்தப் பெண்ணோடு ராஜி பேசுவதற்காக ஜாமீன் கொடுத்தார். அந்தப் பெண்ணோ ராஜிக்கு ஒப்பவில்லை. ஜூலை 1ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, மத்தியப் பிரதேசத்தில் 7 வயதுக் குழந்தையின் பெற்றோர் ராஜியானதைச் சொல்லித் தண்டனையைக் குறைத்திருந்த வேறொரு வழக்கில், பலாத்காரக் குற்றத்தில் ராஜி என்ற பேச்சே கூடாது என்று அடித்துச் சொல்லிற்று. அதன் பிறகு சென்னை ஹைக்கோர்ட்டு அந்த ஜாமீனை ரத்துச் செய்தது. அதே 2015 அக்டோபரில், அதே ஹைக்கோர்ட்டின் வேறொரு நீதிபதி, குழந்தைகளைக் கொடுமை செய்கின்றவர்களுக்கு ஆண்மை நீக்கம் செய்வதைச் சர்க்கார் யோசிக்கவேண்டும் என்று எழுதினார்.

தோழர்களே! ஒரே கோர்ட்டு, ஒரே வருஷம். ஒருவர் பெண்ணைக் கொண்டுபோய்க் குற்றவாளியிடமே ராஜிக்கு உட்காரவைக்கப் பார்த்தார். மற்றொருவர் காளைக்குக் காயடிப்பதுபோல் செய்தால் தீர்ந்துவிடும் என்று கருதினார். இரண்டு யோசனையிலும் “குழந்தாய், உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பதற்கு இடமில்லை. டெல்லிக் கொடுமைக்குப் பிறகு ஏற்பட்ட நீதிபதி வர்மா கமிட்டி, 2013 ஜனவரியிலேயே, பலாத்காரக் குற்றத்துக்குத் தூக்கும் வேண்டாம், ஆண்மை நீக்கமும் வேண்டாம் என்று எழுதிவிட்டது. உடலிச்சை மாத்திரமே இந்தக் குற்றத்துக்குக் காரணமானால் மருந்து பலிக்கலாம். வாய் திறக்கமாட்டாத ஒரு சிறு ஜீவனைத் தன் இஷ்டப்படி ஆட்டிவைக்கலாம் என்கின்ற ஆதிக்க புத்தியல்லவா முதல் காரணம்? அதற்கு எந்த ஊசி இருக்கின்றது?

“அப்படியானால் பாதகனுக்காக வக்காலத்து வாங்குகிறீர்களா?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. நமது கவலையெல்லாம் குழந்தையைப் பற்றியதே. மாமனோ சித்தப்பனோ குற்றவாளியாய் இருக்கும் வீட்டில், “நீ வாய் திறந்தால் அவர் தூக்கில் தொங்குவார்” என்று பாட்டி முதல் அத்தை வரை அந்தக் குழந்தையைச் சூழ்ந்துகொண்டால், அது வாய் திறக்குமா? கொடுமை செய்தாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், சாட்சி சொல்லக்கூடிய ஒரே உயிரை விட்டுவைக்க அந்தப் பாதகனுக்கு என்ன காரணம் இருக்கும்? மனிதன் தண்டனையின் கடுமைக்குப் பயப்படுவதைவிட, தப்ப முடியாது என்பதற்கே அதிகம் பயப்படுகின்றான் என்று இத்தாலி தேசத்துப் பெக்காரியா 1764லேயே எழுதினார். நம் கிராமத்துத் திருடனுக்கும் இது தெரியும்.

தண்டனை விஷயத்தில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் ஜாதி விட்டு ஜாதி நேசித்து ஊரைவிட்டுப் போனால், பெண்ணைப் பெற்றவன் இதே போக்சோ சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகின்றான். இளம் பிராயத்து நேசத்துக்காக ஏற்பட்டதல்ல இந்தச் சட்டம் என்று 2021 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு ஒரு வழக்கில் சொல்லவேண்டி வந்தது. ஐந்து வயதுக் குழந்தையை நாசம் செய்த கிழவனையும் இந்தப் பையனையும் ஒரே தராசில் நிறுத்தும் தண்டனை, ஜாதித் திமிருக்குக் கருவியாகத்தான் உதவும்.

இவ்வளவுக்கும் வேர் எங்கே என்று பார்ப்போமானால், நாம் உபயோகிக்கும் வார்த்தையிலேயே இருக்கின்றது. கொடுமை செய்தவனைப் பற்றி “குழந்தையைக் கெடுத்துவிட்டான்” என்கின்றோம். குழந்தையைப் பற்றி “கெட்டுப்போய்விட்டது” என்கின்றோம். கெட்டவன் யார்? நாய் கடித்தால் கடிபட்டவனுக்கா மானம் போகின்றது? வீட்டில் திருடு போனால் வீட்டுக்காரனா தலைகுனிகின்றான்? இந்த ஒரு குற்றத்தில் மாத்திரம் அடிபட்டவள் தலைகுனிய, அடித்தவன் தலைநிமிர்ந்து நடப்பானேன்? கற்பு என்று ஒன்றைப் பெண் உடம்பில் கட்டிவைத்து, குடும்ப மானத்தையும் ஜாதி மானத்தையும் அதிலே முடிந்துவைத்ததனால் அல்லவா? அந்த மானத்துக்குப் பயந்துதானே ராத்திரியோடு ராத்திரியாகப் பஞ்சாயத்துக் கூட்டிப் பணம் வாங்கிக்கொண்டு ராஜியாகின்றார்கள்?

சட்டமும் நெடுநாள் இந்தப் புத்தியோடுதான் இருந்தது. 1890இல் கல்கத்தாவில் பூல்மணி என்ற 11 வயதுச் சிறுமி புருஷனின் செய்கையால் இறந்துபோனாள். அன்றைய சட்டப்படி மனைவிக்கு 10 வயது ஆகியிருந்தால் பலாத்காரமாகாது. ஆகவே புருஷனுக்குக் கிடைத்தது ஒரு வருஷக் கடுங்காவல். 1891இல் அந்த வயதை 12ஆக்க மசோதா வந்தபோது, மதம் போச்சு, சாஸ்திரம் போச்சு என்று கூச்சல் போட்டவர்களில் திலகரும் ஒருவர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில், அதாவது இந்தத் திருவள்ளூர்ப் பிரதேசமும் அன்று சேர்ந்திருந்த ஜில்லாவில், முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிப் பெண்களின் உரிமைகளுக்குத் தீர்மானங்கள் செய்தது. அவ்வருஷம் வந்த சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயதை 14 என்றது. அப்படியும் 15 வயதான மனைவியைப் புருஷன் பலாத்காரம் செய்தால் குற்றமில்லை என்ற விதி நெடுநாள் நின்று, 2017 அக்டோபரில்தான் சுப்ரீம் கோர்ட்டினால் 18 வயது வரைக்கும் செல்லாதாக்கப்பட்டது. தாலி கட்டினால் குழந்தையும் சொத்து என்ற புத்தியை விட 127 வருஷம் வேண்டியிருந்தது!

ஆகவே, கோர்ட்டுகளிடம் நாம் கேட்கவேண்டியது என்ன? சட்டத்தின் 35ஆம் பிரிவு, குழந்தையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும், கூடியவரை ஒரு வருஷத்துக்குள் விசாரணையை முடிக்கவேண்டும் என்கின்றது. அது நடக்கட்டும். குழந்தையை அடிக்கடி கோர்ட்டுக்கு இழுக்கக்கூடாது, எதிரியின் முகத்துக்கு எதிரே நிறுத்தக்கூடாது, மூடிய அறையில் விசாரிக்கவேண்டும் என்றெல்லாம் சட்டத்தில் இருக்கின்றது. அதுவும் நடக்கட்டும். நஷ்டஈடு வழக்கு முடியும்வரை காத்திராமல் முன்கூட்டியே கிடைக்கட்டும். குற்றம் ருசுவானால் ராஜி, கல்யாணம், பெரிய குடும்பம், குருபீடம் என்ற எந்தச் சாக்குக்கும் தண்டனை குறையக்கூடாது. சந்தேகமறத் தெரிந்த குற்றவாளி நீண்டகாலம் ஜெயிலில் இருக்கட்டும். ஆனால், அவனுக்கும் வக்கீலும் ஒழுங்கான விசாரணையும் இருக்கட்டும். அது அவனுக்குச் செய்யும் தயவல்ல. அவன் அப்பீலில் நழுவாமல் இருப்பதற்குப் போடும் பூட்டு.

நம்மால் ஆவதும் உண்டு. தெரிந்தும் புகார் செய்யாதிருப்பது அந்தச் சட்டத்தில் குற்றம். 1098 என்ற நம்பர் குழந்தைகளுக்கு உதவியாக இருக்கின்றது. போலீசார் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, யூனிபாரம் இல்லாமல்தான் வாங்கவேண்டும். கூடியவரை பெண் அதிகாரியே வாங்கவேண்டும். இவற்றை ஒவ்வொரு தெருவிலும், சூளையிலும், வடநாட்டுத் தொழிலாளிகள் தங்கும் கொட்டகையிலும் சொல்லுங்கள். பிள்ளைகளிடம், “யார் தொட்டாலும், அது நானேயானாலும், பிடிக்காவிட்டால் சொல்லு, நான் நம்புவேன்” என்று சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் நாளைக்கு ஒரு ராஜிப் பஞ்சாயத்துக் கூடினால், “இது எங்கள் ஜாதி மானம்” என்று பேச எழுந்திருப்பவனைப் பார்த்து, “போன மானம் செய்தவனுடையது. குழந்தைக்கு ஒன்றும் போகவில்லை. நட ஸ்டேஷனுக்கு!” என்று சொல்ல இந்தக் கூட்டத்தில் பத்துப் பேர் துணிந்தால், பத்துத் தூக்குமரம் செய்யாத வேலையை அது செய்யும்.