கும்ஜுங் பள்ளிக்கூடம்: கட்டடக் கொடைக்கு அப்பால்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கிராமப் பள்ளியில் வாழ்நாளெல்லாம் பாடம் சொன்ன ஓர் ஆசிரியரின் பெயரால் நடக்கும் சொற்பொழிவு இது. அவர் நினைவுக்குப் பொருந்தும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஏழை நாடொன்றில், எட்டாத ஊரொன்றில், பள்ளிக்கூடம் கட்டப் பணம் கொடுக்க ஒருவர் முன்வருகிறார். அந்தப் பணம் எப்போது பள்ளிக்கூடமாகிறது? எப்போது வெறும் கட்டடமாகவே நின்றுவிடுகிறது? விடை தேடி நேபாளத்துக்குப் போவோம். எவரெஸ்ட் மலைக்குப் போகும் வழியில், கடல் மட்டத்திலிருந்து 3,790 மீட்டர் உயரத்தில் இருக்கும் கும்ஜுங் என்ற ஊருக்கு உங்களை அழைக்கிறேன்.

கேட்டுக் கொடுத்தது

1951 வரை நேபாளம் ராணா குடும்பத்தாரின் ஆட்சிப் பிடியில் இருந்தது. குடிமக்களுக்குக் கல்வி கொடுப்பது ஆட்சிக்கு ஆபத்து என்று கருதியவர்கள் அவர்கள். அவர்கள் ஆட்சி முடிந்தபின் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர்தான். நாடு முழுவதுமே அப்படி இருந்தபோது, தலைநகர் காத்மாண்டுவிலிருந்து பல நாள் நடைத்தொலைவில் இருந்த, கும்ஜுங் போன்ற ஷெர்ப்பா இன மக்களின் ஊர்களுடைய நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு சாகுபடி, யாக் மேய்ப்பு, திபெத்தோடு வணிகம், வெள்ளைக்காரர்களின் மலையேற்றக் குழுக்களுக்குச் சுமை தூக்குதல் ஆகியவையே அவர்களின் பிழைப்பு.

1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயோடு எவரெஸ்ட் உச்சியை எட்டிய எட்மண்ட் ஹிலாரி நியூசிலாந்துக்காரர், தேனீ வளர்ப்பவர். 1960-61இல் அவர் ஓர் ஆய்வுக் குழுவோடு மீண்டும் அப்பகுதிக்கு வந்தார். சிகாகோவின் வேர்ல்ட் புக் கலைக்களஞ்சிய நிறுவனம் அதற்குப் பணம் கொடுத்தது. உயரமான இடத்தில் மனித உடல் எப்படி இயங்குகிறது என்று ஆராய்வதும், எட்டி என்ற பனிமனிதன் உண்டா என்று தேடுவதும் குழுவின் வேலை. கும்ஜுங் மடத்தில் எட்டியின் உச்சித்தோல் என்று ஒன்றைப் போற்றிப் பாதுகாத்து வந்தார்கள். ஊரார் அதை இரவல் தந்தார்கள். குன்ஜோ சும்பி என்ற ஊர்ப் பெரியவர் காவலாக உடன் போனார். சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று அந்தத் தோல் பயணம் செய்தது. செரோ என்ற மலையாட்டின் தோலில் செய்தது அது என்று அறிஞர்கள் முடிவு சொன்னார்கள்.

அந்தத் தேடல் வெறுங்கையோடு முடிந்தது. அதே பயணத்தில் ஹிலாரி கேட்ட ஒரு கேள்விதான் நிலைத்தது. உங்கள் ஊருக்கு நான் ஏதாவது செய்வதென்றால் எது வேண்டும் என்று, பனிமலையில் உடனிருந்த உர்கியென் என்ற ஷெர்ப்பாவிடம் அவர் கேட்டார். பள்ளிக்கூடம் வேண்டும் என்றார் உர்கியென். எங்கள் பிள்ளைகளுக்குக் கண் இருக்கிறது, ஆனால் பார்வை இல்லை என்ற பொருளில் அவர் சொன்ன பதிலை ஹிலாரி பிறகு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

முதல் பாடத்தை இங்கேயே குறித்துக்கொள்வோம். கொடுப்பவர் தானே முடிவு செய்துகொண்டு வந்து இறக்கிய பள்ளி இல்லை இது. கேட்டுக் கொடுத்தது. 1963இல் தாமே, பாங்போசே ஊர்களில் அடுத்த பள்ளிகள் எழுந்தபோதும் ஊரார் மனு கொடுத்துக் கேட்டே பெற்றார்கள்.

சுமந்து கட்டியது

கட்டடம் எங்கிருந்து வந்தது என்பது நமக்கு ஆர்வமூட்டும் செய்தி. கல்கத்தாவின் இந்தியன் அலுமினியம் நிறுவனம், பிரித்து எடுத்துப் போய் மீண்டும் பூட்டக்கூடிய அலுமினியக் கட்டடம் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்தது. திபெத்திய அகதிகளுக்கு உதவிவந்த செஞ்சிலுவைச் சங்கத்தின் சிறு விமானம், மிங்போ என்ற மேட்டு வெளியில் அமைத்திருந்த ஓடுதளத்தில் அதைக் கொண்டுவந்து இறக்கியது. அங்கிருந்து தகடு தகடாகக் கும்ஜுங் வரை சுமந்தவர்கள் ஷெர்ப்பாக்கள். நிலத்தைச் சமன்செய்து அடித்தளத்துக்குக் கல் அடுக்கியவர்களும் அவர்களே. 1961 ஜூன் மாதம் தெங்போசே மடத்துத் தலைமை லாமா வந்து ஆசி வழங்க, பள்ளி திறந்தது.

பணம் வெளியிலிருந்து வந்தது, உழைப்பு ஊரிலிருந்து வந்தது. தன் முதுகில் சுமந்த தகட்டைத் தன் பிள்ளையின் வகுப்பறைச் சுவரில் பார்க்கும் தகப்பனுக்கு, அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தால் யாரோ வந்து அடைக்கட்டும் என்று இருக்க மனம் வராது. ஊர்ப் பங்கு என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவதன் உயிர் இதுதான். ஏழை ஊரிடம் இலவச உழைப்பைக் கறந்து செலவைக் குறைக்கும் உத்தியாக அதைக் கருதுவோர் உண்டு. அது தவறு. உழைப்பு கொடுத்த ஊருக்கு முடிவெடுக்கும் உரிமையும் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் கட்டுவது, யாரை ஆசிரியராக வைப்பது, எந்த மாதம் விடுமுறை விடுவது என்று ஊர் பேச வேண்டும்.

1964இல் லுக்லாவில் விமான ஓடுதளம் அமைத்ததும் இந்தப் பணிகளுக்குக் கட்டுமானப் பொருள் கொண்டுவரத்தான். மண் இறுகாமல் பொதுபொதுவென்று கிடந்ததாம். ஹிலாரி ஷெர்ப்பாக்களுக்கு உள்ளூர் சாங் மதுவை வாங்கிக்கொடுத்தார். அவர்கள் வரிசையாகக் கைகோத்து ஆடிய ஆட்டத்தில் மண் மிதிபட்டுக் கெட்டியானது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பொருள் இறக்க வந்த அந்த ஓடுதளமே பின்னால் உலகச் சுற்றுலாவுக்கு வாசலானது. ஊருக்குப் பணம் வந்தது. கூடவே காடுகள் விறகுக்காக அழிந்தன. ஹிலாரி கவலைப்பட்டார். 1976இல் அப்பகுதி சகர்மாதா தேசியப் பூங்காவானது. எட்டாத ஊருக்குப் போடும் பாதை பள்ளிக்கு மட்டும் போடும் பாதையாக இருக்காது என்பதைக் கொடையாளர்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்

இந்த உரையின் மையத்துக்கு வருகிறேன். 1961இல் கும்ஜுங்கில் அலுமினியக் கூரை மட்டும் எழுந்திருந்தால், இன்று நாம் அந்த ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம். கட்டடத்தோடு ஓர் ஆசிரியரும் வந்தார். தெம் டோர்ஜி என்ற ஷெர்ப்பா, டார்ஜிலிங்கில் படித்தவர். நேபாளி தெரியும். ஆங்கிலம் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வீட்டில் பேசிய மொழி தெரியும். பள்ளிக்கூடம் என்றால் என்னவென்றே பார்த்திராத பிள்ளைகளுக்கு, தங்களைப் போலவே பேசும் ஒருவர் பாடம் சொன்னார்.

அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். புத்தகமும் சிலேட்டும் வாங்க வேண்டும். ஹிலாரி நிறுவிய இமயமலை அறக்கட்டளை ஆண்டுக்கு ஆண்டு இதைச் செய்தது. நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா நாடுகளில் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார் ஹிலாரி. கும்ஜுங்குக்குக் குடிநீர்க் குழாய் போட்டார்கள். 1963இல் அம்மை நோய் பரவியபோது தடுப்பூசி போட்டார்கள். 1966இல் பக்கத்து ஊரான குண்டேயில் மருத்துவமனை திறந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போகும் பெண் குழந்தையும், நோயில் படுத்த குழந்தையும் பள்ளிக்கு வரப்போவதில்லை என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அப்படி இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன.

இந்தப் பணிக்கு ஹிலாரி கொடுத்த விலை பெரிது. பாப்லு என்ற ஊரில் மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்த அவரைப் பார்க்க, 1975 மார்ச் 31 அன்று அவருடைய மனைவி லூயிஸும் இளைய மகள் பெலிண்டாவும் காத்மாண்டுவிலிருந்து சிறு விமானத்தில் புறப்பட்டார்கள். புறப்பட்ட சற்று நேரத்தில் விமானம் விழுந்து இருவரும் இறந்தார்கள். அதன்பிறகும் அந்த மருத்துவமனை கட்டி முடிந்தது. 2008 ஜனவரி 11 அன்று மறையும் வரை அவர் அந்தப் பணியை விடவில்லை. சிகரம் ஏறியதைவிட இந்தப் பள்ளிகளும் மருத்துவமனைகளுமே தமக்கு நிறைவு தந்தன என்று அவர் சொல்லியிருக்கிறார்.

1971இல் நேபாள அரசு புதிய தேசியக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்து, ஊர்களும் தனியாரும் நடத்திய பள்ளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இது இரண்டாவது பெரிய பாடம். எந்தக் கொடையாளரும் ஒரு நாட்டின் குழந்தைகளுக்கு என்றென்றும் சம்பளம் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. குழந்தைகளுக்குக் கல்வி தருவது அரசின் கடமை. முதல் கல்லை வைப்பது, அரசு வரும் வரை பள்ளியை உயிரோடு வைத்திருப்பது, அரசு வந்தபின் அதற்கு எட்டாததை நிரப்புவது என்பதே கொடையாளரின் வேலை. கும்ஜுங்கில் அப்படித்தான் நடந்தது. அரசு பொறுப்பேற்ற பின்னும் ஆசிரியர் பயிற்சி, கல்வி உதவித்தொகை, கூடுதல் வகுப்பறைகள் என்று அறக்கட்டளை தொடர்ந்தது. 1980களில் கும்ஜுங் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. கீழே இருக்கும் நாம்சே பஜார் என்ற ஊரிலிருந்து 350 மீட்டர் ஏற்றம் ஏறிப் பிள்ளைகள் படிக்க வந்தார்கள்.

விளைவைப் பாருங்கள். முதல் மாணவர்களில் ஒருவரான மிங்மா நோர்பு ஷெர்ப்பா, சகர்மாதா தேசியப் பூங்காவின் முதல் ஷெர்ப்பா காப்பாளரானார். தாமே ஊரைச் சேர்ந்த கமி தெம்பா, ஹிலாரி பள்ளியில் படித்து, குண்டே மருத்துவமனையில் சுகாதாரப் பணியாளராகச் சேர்ந்து, பிஜி நாட்டுக்குப் போய் மருத்துவம் படித்து, அதே மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவராகத் திரும்பினார். வெளிநாட்டு மருத்துவர்கள் மாறி மாறி வந்துபோன இடத்தில் ஊர்க்காரரே உட்கார்ந்தார். பள்ளிக் கொடை பலித்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிலம் அசைந்த நாள்

2015 ஏப்ரல் 25, முற்பகல் 11.56. நேபாளத்தை 7.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். 30,000க்கும் மேற்பட்ட வகுப்பறைகள் இடிந்தன அல்லது சேதமடைந்தன. கும்ஜுங் பள்ளியும் தப்பவில்லை. அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் வார விடுமுறை. பிள்ளைகள் வகுப்பறைகளில் இல்லை. 2005 அக்டோபர் 8 அன்று பாகிஸ்தான் காஷ்மீரில் நிலம் அசைந்தபோது பள்ளி நடந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் வகுப்பறைகளிலேயே மாண்டார்கள்.

நல்ல எண்ணத்தோடு கட்டிய சுவரும் கொல்லும். மண் சாந்தில் வெறுமனே அடுக்கிய கல் சுவர் அதிர்ச்சியில் பிளந்து சரியும். சுவரின் இரு முகங்களையும் கட்டிப்பிடிக்கும் நீளக் கற்கள், சன்னலுக்குக் கீழும் மேலும் சுவரைச் சுற்றி ஓடும் பட்டைகள், மூலைகளில் சரியான பிணைப்பு ஆகியவை சேர்ந்தால் அதே கல் சுவர் தாங்கி நிற்கும். காத்மாண்டு பள்ளத்தாக்கில் நிலநடுக்கத்துக்கு முன்பே இவ்வாறு வலுவூட்டிய பள்ளிகள் நின்றன. அந்த வேலைக்காக உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். ஆகவே, வகுப்பறைக்குப் பணம் கொடுப்பவர் வரைபடத்தைக் கேட்க வேண்டும். பொறியாளர் பார்த்தாரா, கொத்தனார் பயிற்சி பெற்றவரா என்று கேட்க வேண்டும். இரண்டு வகுப்பறைக்கான பணத்தில் மூன்று கட்டிக் காட்டுகிறோம் என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றில் 94 பிஞ்சுகளைத் தீக்குக் கொடுத்தவர்கள் நாம். பள்ளிக்கூரை எதனால் ஆனது என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை.

இயற்கை ஒருமுறையோடு விடுவதுமில்லை. 2024 ஆகஸ்ட் 16 அன்று பனியேரி உடைந்து வந்த வெள்ளம் தாமே ஊரைச் சூறையாடியது. பள்ளியும் சேதமடைந்தது. ஒருமுறை கட்டியாயிற்று, கடமை முடிந்தது என்று சொல்ல அங்கே யாருக்கும் வழியில்லை.

நாம் செய்ய வேண்டியது

1950களின் பிற்பகுதியில், காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு இயக்கம் நம் கிராமங்களில் நடந்தது. ஊரார் நிலம் கொடுத்தார்கள். பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை கொடுத்தார்கள். ஆசிரியரை அரசு கொடுத்தது. ஊரும் அரசும் சேர்ந்து தூக்கிய தேர் அது. இன்று முன்னாள் மாணவர்களும் வெளிநாட்டில் வாழும் தமிழர்களும் பள்ளிகளுக்கு மனமுவந்து கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் கொடுக்கிறார்கள், வேறு ஏழை நாடுகளுக்கும் கொடுக்கிறார்கள். அந்த மனம் வாழ்க. ஆனால் கொடை எங்கே போகிறது என்று பாருங்கள். வகுப்பறை வாசலில் கல்வெட்டு இருக்கும். மின்விசிறியில் உபயதாரர் பெயர் இருக்கும். கழிப்பறை கழுவும் அம்மாவின் மாதச் சம்பளத்துக்கு உபயம் என்று எழுத இடமில்லை. ஆகவே அதற்குக் கொடுப்பாரும் இல்லை. கழிப்பறை பூட்டிக் கிடக்கும். வயதுக்கு வந்த பெண் பிள்ளை பள்ளியை விட்டு நிற்பாள்.

நாம் கூடியிருக்கும் இந்த நிகழ்ச்சி எப்படி நடக்கிறது? அறக்கட்டளையின் முதல் பணத்தைத் தொடாமல் அதன் வட்டியில் நடக்கிறது. அறக்கட்டளையை நிறுவியவர்கள் ஒருநாள் விழாவுக்குக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பள்ளிக் கட்டடத்துக்குக் கொடுப்போரும் இந்த முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இருபது ரூபாயைப் பராமரிப்புக்கென்று வைப்பில் போடுங்கள். அதன் கணக்கை ஆண்டுக்கொருமுறை ஊர் முன்னிலையில் படிக்கச் சொல்லுங்கள். கொடுக்குமுன் ஊரைக் கேளுங்கள், தலைமையாசிரியரைக் கேளுங்கள், பெண் பிள்ளைகளின் தாய்மாரைத் தனியே கேளுங்கள். ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அரசின் கதவைத் தட்டுங்கள். திறப்பு விழாவுக்குப் போனவர்கள் ஐந்தாம் ஆண்டிலும் ஒருமுறை போய்வாருங்கள்.

இங்கிருந்து கலைந்து போகும் முன் ஒவ்வொருவரும் தாம் படித்த ஊர்ப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதத்துக்குள் அங்கே போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கொடுங்கள். கொடுத்த பின்னும் உடனிருங்கள்.